வியர்க்காத ஜேர்சி: திருகோணமலையில் ஒரு சிறுவர் உதைபந்தாட்ட அணியின் ஓராண்டு

கடந்த ஆண்டு மே மாதம், ஒரு சனிக்கிழமை மாலை. எங்கள் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் அணி, எழுவர் சுற்றுப்போட்டி ஒன்றில் மூன்றாவது ஆட்டத்தையும் வென்றிருந்தது. பிள்ளைகள் தண்ணீர்க் கானைச் சுற்றி நின்று கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஜேர்சிகளை எண்ணி உரப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன். வரவுக் கொப்பியில் பதினேழாவது பெயருக்குரிய பையன் எல்லோருக்கும் கடைசியாக வந்தான். கழற்றிய ஜேர்சியைக் கடையில் மடித்து வைப்பதுபோல மடித்து இரண்டு கையாலும் நீட்டினான்.

"சேர், இது வியர்க்கவில்லை. கழுவத் தேவையில்லை."

அவன் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு சட்டை கழுவும் வேலை மிச்சம் என்று நினைத்துத்தான் சொன்னான். அடுத்த கிழமை அவன் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை.

ஊதியமில்லாத பயிற்றுவிப்பாளராக நான் நடத்திய ஓராண்டைக் கொப்பியை முன்னால் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்து எழுதியது இது. பிள்ளைகளின் பெயரையோ கழகங்களின் பெயரையோ எழுதவில்லை. அவர்கள் சிறுவர்கள். கொப்பியில் உள்ள வரிசை எண் போதும்.

திடலும் பந்தும்

திருக்கடலூர்ப் பக்கம், கடலை ஒட்டிய மணல் திடல்தான் எங்கள் மைதானம். ஒரு பக்கம் தோணிகள் ஏற்றி வைத்திருக்கும் கரை; தூரத்தில் சுவாமி மலையும் கோணேசர் கோயிலும் தெரியும். கோல் கம்பங்கள் சவுக்கு மரத்தடிகள். நான் பகலில் கட்டடப்பொருள் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். பள்ளிக் காலத்தில் பின்கள வீரனாக விளையாடியவன். தை மாதக் கடைசியில் மழை ஓய்ந்து திடல் காய்ந்ததும் பிள்ளைகளைச் சேர்த்தேன். சனி மாலை நான்கரை மணிக்கும் ஞாயிறு காலை ஆறரை மணிக்கும் பயிற்சி. முதல் மாதத்திலேயே கொப்பியில் 21 பெயர்கள் சேர்ந்துவிட்டன.

முதல் தவறு பந்தில் நடந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் நல்ல மனத்தோடு ஆறு பந்துகள் வாங்கித் தந்தார். ஆறும் 5ஆம் இலக்கப் பந்துகள். சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர், எடை 410 முதல் 450 கிராம். பெரியவர்களுக்கான பந்து அது. எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு உரியது 4ஆம் இலக்கப் பந்து, சுற்றளவு 63.5 முதல் 66 சென்ரிமீற்றர், எடை 350 முதல் 390 கிராம். தாளில் பார்த்தால் வித்தியாசம் சிறிதுதான். வெறுங்காலோடு உதைக்கும் பத்து வயதுப் பையனுக்கு அது சிறிதல்ல. பந்து வந்தால் காலை இழுத்துக்கொள்ளும் பிள்ளைகளைப் "பயந்தவர்கள்" என்று நான் மனதுக்குள் ஒதுக்கிவைத்தேன். இரண்டு மாதம் கழித்து 4ஆம் இலக்கப் பந்துகள் இரண்டு வாங்கி உருட்டிவிட்டபோது, அதே பிள்ளைகளில் மூவர் பந்தைக் காலடியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு அன்று வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

தலையால் அடிக்கும் பயிற்சியை நான் தொடக்கத்திலிருந்தே செய்யவில்லை. அமெரிக்காவின் உதைபந்தாட்டச் சம்மேளனம் 10 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் பந்தைத் தலையால் அடிக்கக் கூடாது என்று 2015இல் அறிவித்தது. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து சங்கங்கள் ஆரம்பப் பள்ளி வயதினருக்குப் பயிற்சியில் அதை வேண்டாம் என்றது 2020இல். இங்கே சில அப்பாமார் "தலையடி பழகாமல் என்ன விளையாட்டு?" என்று கேட்டார்கள். மணல் திடலில், வளரும் தலைகளோடு அந்தப் பரீட்சை தேவையில்லை என்பதே என் பதில்.

பயிற்சிக்கு வராதவருக்கு ஆட்டம் இல்லை

இந்த விதியை நான்தான் போட்டேன். என்னைப் பழக்கியவரும் இதையே போட்டார். அவரைப் பழக்கியவரும் போட்டிருப்பார். கிழமைக்கு இரண்டு பயிற்சி, ஒன்றைத் தவறவிட்டால் அடுத்த ஆட்டத்தில் வெளியே உட்கார வேண்டும். கேட்க நியாயமாகவே இருந்தது. யாரும் எதிர்க்கவில்லை.

மே மாதத்துச் சுற்றுப்போட்டிக்கு முன்பு இரண்டு நட்பு ஆட்டங்கள் ஆடினோம். போட்டியில் மூன்று ஆட்டங்கள். ஐந்தில் நான்கை வென்றோம். ஊரில் கடைக்குப் போனாலும் ஓட்டோ தரிப்பிடத்தில் நின்றாலும் "உங்கள் பொடியன்கள் கலக்குகிறார்களாமே" என்றார்கள். ஏகாம்பரம் மைதானத்தில் பெரிய அண்ணாமார் விளையாடுவதைச் சுவருக்கு வெளியே நின்று பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு அது பெரிய பேச்சு. எனக்கும்தான். வெற்றி இருந்ததால் நான் கொப்பியைத் திறந்து பார்க்கவில்லை. வரவை அடையாளமிடுவேன், மூடிவிடுவேன்.

அந்த ஜேர்சிப் பையன் மூன்றாவது கிழமையும் வராதபோதுதான், கடையில் மாதக் கணக்கை முடித்த ஓர் இரவு, கொப்பியை எடுத்துக் கணக்காகவே பார்த்தேன். 21 பெயரில் வந்துகொண்டிருந்தவர்கள் 13 பேர். எட்டுப் பேர் நின்றுபோயிருந்தார்கள். யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்பதை ஆட்டத் தாள்களிலிருந்து எடுத்து எதிரே எழுதினேன். ஐந்து ஆட்டம், ஒவ்வொன்றும் 40 நிமிடம். அதாவது ஒரு பிள்ளை கூடியது 200 நிமிடம் ஆடலாம். எங்கள் முன்கள வீரன், மூன்றாவது பெயர், 200 நிமிடமும் ஆடியிருந்தான். நின்றுபோன எட்டுப் பேரில் ஆறு பேர் ஐந்து ஆட்டத்திலும் சேர்த்துப் பத்து நிமிடம்கூட ஆடவில்லை. பதினேழாவது பெயருக்கு எதிரே மூன்று நிமிடம்.

மிஞ்சிய இருவர் ஐந்தாம் தரத்துப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக வகுப்புக்குப் போயிருந்தார்கள். அது நான் தடுக்கக்கூடியதல்ல. அந்த ஆறு பேரும் என் பொறுப்பு.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அதிகம் ஆடிய ஐந்து பேரில் நான்கு பேர் ஆண்டின் முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்கள். பதினேழாமவன் மார்கழிப் பிள்ளை. ஐந்து பேரை வைத்து ஒன்றும் நிறுவ முடியாது. ஆனால் உலகெங்கும் இளையோர் அணிகளில் திரும்பத் திரும்பக் கண்ட விடயம் இது: ஒரே வயதுப் பிரிவில் தையில் பிறந்தவன் மார்கழியில் பிறந்தவனைவிட ஏறத்தாழ ஒரு வயது மூத்தவன். பதினொரு வயதில் ஒரு வயது என்பது இரண்டு மூன்று அங்குல உயரமாகக்கூட இருக்கலாம். நான் திறமை என்று தேர்ந்தெடுத்ததில் எவ்வளவு திறமை, எவ்வளவு பிறந்த மாதம் என்பதை அந்த இரவு முதன்முதலாக என்னையே கேட்டேன்.

கரை

வீடு வீடாகப் போனேன். இந்த ஆய்வில் மிகவும் பயனுள்ள வேலை அதுதான், செலவில்லாத வேலையும் அதுதான். பதினேழாவது பெயரின் வீட்டில் அம்மா, "அவன் கரைக்குப் போய்விட்டான், தம்பி" என்றார். ஞாயிறு காலை ஏழு மணி. என் பயிற்சி நேரம்.

கரையில் வலை வளைத்தாகிவிட்டது. இரண்டு பக்கமும் கயிறு நீளமாகக் கிடக்க, ஆட்கள் இடுப்பில் வார் கட்டிப் பின்னோக்கி நடந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் கடைசியில், ஈரமாக வரும் பகுதியை வளையமாகச் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தான் என் பையன். அவனுடைய அம்மப்பா முன்னால் இழுத்தார். வலை நெருங்க நெருங்க இழுப்பவர்களின் குரல் ஏறியது; மீன் சேரும் வலைமடி கரையில் ஏறியபோது உள்ளே சூடையும் நெத்தலியும் வெள்ளியாகத் துள்ளின. பையன் கயிற்றை விட்டுவிட்டு ஓடிப்போய்க் கூடையைப் பிடித்தான். மணலில், வெறுங்காலோடு, முழுப் பாரத்தோடு அவன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தேன். என் பயிற்சியில் அவனை இப்படி ஓட நான் ஒருநாளும் விட்டதில்லை.

பெரியவர் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து பேசினார். கிழக்குக் கரையில் வாடைக்காற்று ஓய்ந்து கடல் இளகினால்தான் கரைவலை. பங்குனி, சித்திரையில் தொடங்கினால் புரட்டாதி வரை. அந்த மாதங்களில் ஞாயிறு காலை அவனுக்குப் பள்ளி இல்லை. ஆகவே கரைக்கு வருவான். சிறு பங்கு கிடைக்கும், அது அவனுடைய கொப்பி, சப்பாத்துச் செலவுக்கு. "அவன் உங்களிடம் சொல்லவில்லையா, தம்பி?" என்றார். சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கொப்பியில் ஞாயிறு தோறும் அவன் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வைத்தேன், அவ்வளவுதான்.

என் விதி எல்லோருக்கும் ஒன்று. ஆனால் அது அடித்தது கரைவலைக் குடும்பத்துப் பிள்ளைகளையும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளையும்தான். சோம்பேறிப் பிள்ளை ஒருவனும் அந்த ஆறு பேரில் இல்லை.

280ஐ 12ஆல் வகுத்தல்

ஆனி மாதத்தில் விதியை மாற்றினேன். முன்கூட்டியே காரணம் சொன்னால் வராத நாள் கணக்கில் இல்லை. ஆட்டத்துக்குக் கூட்டிப்போகும் ஒவ்வொருவரும் ஏறத்தாழச் சம நேரம் ஆடுவார்கள்.

கணக்கு எளிது. களத்தில் ஏழு பேர், ஆட்டம் 40 நிமிடம். பெருக்கினால் 280 நிமிடம். கூட்டிப்போவது 12 பேர். வகுத்தால் ஆளுக்கு 23 நிமிடத்துக்குச் சற்று மேல். இதை ஆட்டத்துக்கு முதல் நாளே தாளில் கட்டம் போட்டு எழுதிவிட வேண்டும். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஆட்டம் சூடான பிறகு எந்தப் பயிற்றுவிப்பாளருக்கும் கை போகாது. பலவீனமான பிள்ளையை "இன்னும் இரண்டு நிமிடம் பொறு" என்று சொல்லிச் சொல்லியே விசில் ஊதிவிடும். எனக்கு அப்படித்தான் மூன்று நிமிடம் வந்தது. தாள் எழுதியாகிவிட்டால் என் கை என் சொல்லைக் கேட்க வேண்டியதில்லை, தாளைக் கேட்டால் போதும். வெளியே இருக்கும் பிள்ளையிடம் கடிகாரத்தைக் கொடுத்துவிடுவேன். நேரம் வந்ததும் அவன் என் கையைப் பிடித்து இழுப்பான்.

"இதெல்லாம் விதியில் உண்டா?" என்று ஒரு அப்பா கேட்டார். உண்டு. ஆட்ட விதிகளை வகுக்கும் சர்வதேச சபையே, இளையோர் ஆட்டங்களில் மைதானத்தின் அளவு, பந்து, ஆட்ட நேரம், வெளியே போனவர் மறுபடி உள்ளே வருவது ஆகியவற்றை மாற்றிக்கொள்ள இடம் விட்டிருக்கிறது. பிள்ளைகளின் ஆட்டம் பெரியவர்களின் ஆட்டத்தைச் சிறிதாக்கியது அல்ல என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

கோல்காப்பாளர் விடயம் மட்டும் சிக்கலாகவே இருந்தது. யாரும் நிற்க விரும்பவில்லை. விரும்பிய ஒருவனை எல்லா நேரமும் நிறுத்தினால் அவன் ஓடிப் பழக மாட்டான். பாதி ஆட்டத்துக்கு ஒருவர் என்று வைத்தேன். அதனால் வாங்கிய கோல்கள் சில உண்டு.

ஆறு பேரில் ஐந்து பேர் திரும்பி வந்தார்கள். ஒரு குடும்பம் மூதூர்ப் பக்கம் குடிபெயர்ந்துவிட்டது. புலமைப்பரிசில் பிள்ளைகள் இருவரும் பரீட்சை முடிந்த கிழமையே வந்து நின்றார்கள்.

பந்தோடு நேரடியாகச் சேராத சிலவற்றையும் இந்தக் காலத்தில்தான் சரிசெய்தேன். முன்பெல்லாம் இருட்டிவிட்டால் ஒரு பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வீட்டில் விடுவேன். நல்லெண்ணம்தான். ஆனால் ஒரு பிள்ளையோடு ஒரு வளர்ந்தவர் தனியாக இருக்கக் கூடாது என்பது எந்தச் சிறுவர் அணிக்கும் முதல் ஒழுங்கு. பிள்ளையைக் காக்கிறது, பயிற்றுவிப்பாளரையும் காக்கிறது. இப்போது பயிற்சிக்கு இரண்டாவது பெரியவர் ஒருவர் கட்டாயம் வருகிறார். இரண்டு சிறுமிகள் சேர விரும்பியபோது ஒரு அம்மா தானாக முன்வந்து மாலை முழுவதும் இருக்கிறார். பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929, அம்புலன்ஸுக்கு 1990 என்ற இரண்டு இலக்கங்களையும் மேலே பொருத்தி வைத்தோம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம் நிழலும் தண்ணீரும். கேட்கும்வரை காத்திருப்பதில்லை, ஏனென்றால் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். சித்திரை மாலைகளில் இடி மின்னல் வந்தால், மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 எண்ணுவதற்குள் முழங்கினால் எல்லோரும் கட்டடத்துக்குள். கடைசி முழக்கம் கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திடலில் கால் வைப்பதில்லை. வெட்டவெளிக் கடற்கரையில் இதற்குப் பேரம் கிடையாது.

அரையிறுதி

ஓகஸ்ட் விடுமுறையில் நகரத்தில் இன்னொரு சுற்றுப்போட்டி. அரையிறுதி வரை வந்தோம். முதல் பாதியில் கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் புள்ளிமான்கள் நான்கைந்து களத்தைக் கடந்து போக, மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்தினார். எங்கள் பிள்ளைகள் அந்த இடைவேளையில் மூச்சு வாங்கிக்கொண்டார்கள். ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் போனது. 32ஆவது நிமிடம். கடிகாரம் வைத்திருந்த சிறுவன் என் கையை இழுத்தான். தாளின்படி வெளியே வரவேண்டியவன் மூன்றாவது பெயர், எங்கள் முன்கள வீரன். உள்ளே போக வேண்டியவன் பதினேழு.

மாற்றினேன். 36ஆவது நிமிடத்தில் எதிரணி கோல் போட்டது. இரண்டுக்கு ஒன்று.

பதினேழாமவனால் வந்த கோல் அல்ல அது, மறுபக்கத்திலிருந்து வந்தது. ஆனாலும் கோட்டுக்கு வெளியே நின்ற எல்லோருக்கும் வேறு கணக்கு இருந்தது. ஆட்டம் முடிந்ததும் முன்கள வீரனின் அப்பா நேராக வந்தார்.

"என் மகன் நின்றிருந்தால் அடித்திருப்பான் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வெளியே எடுத்தீர்கள்."

"தெரியும், அண்ணன். தாளில் எல்லோருக்கும் ஒரே நேரம்தான் எழுதியிருந்தேன்."

"தாளுக்கு என்ன தெரியும்?"

அடுத்த கிழமை மகனை வேறொரு கழகத்தில் சேர்த்துவிட்டார். கோபத்தில் செய்தது என்று நான் அதைச் சுருக்கிவிட மாட்டேன். அவர் இரவுக் கடலுக்குப் போகிறவர். நான் பெற்றோர் கூட்டம் வைத்தது வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. அவர் வலையோடு புறப்படும் நேரம். சம நேர விதியை அவருடைய மனைவியிடம்தான் சொன்னேன். அவரிடம் ஒருமுறையும் நேரில் சொல்லவில்லை. கரைவலைப் பிள்ளைகளின் காலத்தைப் புரிந்துகொண்ட அதே ஆண்டில், கடலுக்குப் போகும் அப்பாக்களின் காலத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை. விதி சரி. அதைக் கொண்டுசேர்த்த விதம் தவறு.

கூட்டத்தை இப்போது பௌர்ணமியை ஒட்டிய நாளில் வைக்கிறேன். நல்ல நிலவில் இரவுக் கடலுக்குப் போகிறவர்கள் குறைவு.

ஐப்பசி வரை

2023 ஜனவரியில் பீபா இலங்கையின் உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தி, ஓகஸ்ட் கடைசியில் அந்தத் தடையை நீக்கியது. அந்த ஏழு மாதமும் எங்கள் திடலில் பிள்ளைகள் பந்து உதைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். மேலே எது நின்றாலும் கீழே இது நடக்கும், யாராவது ஒருவர் பந்தோடும் விசிலோடும் மாலையில் வந்து நின்றால். அதனால்தான் அந்த ஒருவர் என்ன விதி போடுகிறார் என்பது எனக்குப் பெரிய விடயமாகப் படுகிறது. அவருக்கு மேலே கேட்க ஒருவரும் இல்லை.

ஐப்பசியில் மழை இறங்கித் திடல் குளமாகும்வரை அந்த 21 பேரில் 19 பேர் வந்தார்கள். இரண்டாம் பருவத்தில் மொத்தம் ஏழு ஆட்டம். மூன்று வெற்றி, ஒன்று சமன், மூன்று தோல்வி. முதற் பருவத்தைவிடக் குறைவான வெற்றி. நிமிடக் கணக்கில் கூடியவனுக்கும் குறைந்தவனுக்கும் இடையில் இருந்த இடைவெளி ஆட்டத்துக்கு நான்கு நிமிடத்துக்குள் வந்திருந்தது. பதினேழாமவன் மொத்தம் 110 நிமிடம் ஆடினான். கோல் ஒன்றும் போடவில்லை. இடது பின்களத்தில் நிற்கிறான். பந்து வந்தால் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பான். இந்த ஆண்டு அவன் பெரிய பிரிவுக்குப் போகிறான். அங்கே 5ஆம் இலக்கப் பந்து, தேர்வு, வேறு பயிற்றுவிப்பாளர். அவரைப் போய்ச் சந்தித்து, பங்குனி முதல் ஞாயிறு காலைகளில் பையன் ஏன் வரமாட்டான் என்பதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாமவனின் புதுக் கழகத்து ஆட்டத்தை இரண்டு முறை போய்ப் பார்த்தேன். நன்றாக ஆடுகிறான். இரண்டாவது முறை அவனுடைய அப்பாவோடு கோட்டோரம் நின்று கொஞ்சநேரம் பேசினேன். கூட்டத்தை அவர் வரமுடியாத நேரத்தில் வைத்தது என் பிழை என்றேன். அவர் தலையை ஆட்டினார், வேறொன்றும் சொல்லவில்லை. தையில் புதுக் கொப்பி வாங்கிப் பெயர்களை மறுபடி எழுதினேன். மூன்றாவது வரியில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.